ஆயா சொன்ன மால்குடி

பத்து நாளாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எனக்கு ஒரே வேலைதான். 'மால்குடி டேஸ்' டிவி தொடரில் ஒரு பகுதி பார்ப்பேன். அப்புறம் தூக்கம் வரும்வரை ஆர்.கே.நாராயணின் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. 1935-ல் வந்த நாவல், மால்குடி என்ற கற்பனை ஊரில் பள்ளிக்கூடம் போகும் ஸ்வாமி என்ற பையனின் கதை. எத்தனையாவது தடவை படிக்கிறேன் என்று எண்ணவில்லை.

அந்தத் தொடரை நான் முதலில் பார்த்தது 1987-ல், அயனாவரத்தில், மாடி வீட்டுக்காரர்களின் கறுப்பு வெள்ளை டிவியில். பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவேன். ஆயா மடியில் தலை வைத்துப் படுத்திருப்பேன். இரண்டு பேருக்கும் இந்தி தெரியாது. எல்.வைத்தியநாதனின் இசையோடு ஆர்.கே.லட்சுமணின் ஓவியங்கள் வந்ததுமே ஆயா ஆரம்பித்துவிடும். "கணக்கு போடாம வந்துட்டான் இந்தப் புள்ள. அவங்கப்பன் மூஞ்சியப் பாரு." ஸ்வாமியின் அப்பாவாக வந்த கிரீஷ் கர்னாட் எனக்கு வடசென்னைத் தமிழில்தான் திட்டினார்.

நாராயண் பிறந்தது எங்கள் பக்கத்துப் புரசைவாக்கத்தில். எழுதியது ஆங்கிலத்தில். அதை இயக்குநர் சங்கர் நாக் கர்நாடகத்து ஆகும்பேவில் இந்தியில் எடுத்தார். அது அயனாவரத்துக்கு வந்து ஆயா வாயால் தமிழானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

கல்லூரியில் படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் அந்த நாவலின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. இந்த முறை நான் படித்துத் தமிழில் சொல்ல, ஆயா கேட்டது. ஸ்வாமியின் பாட்டி வரும் அத்தியாயத்தை மட்டும் மூன்று நாள் கேட்டது. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் காற்றில்லாத ஒரு நடை. அதுதான் அந்தப் பாட்டியின் இடம். ஐந்து ஜமக்காளம், மூன்று விரிப்பு, ஐந்து தலையணை என்று அடுக்கிய படுக்கை. சணல் நாரில் ஒரு சதுரப் பெட்டி. ஒரு சின்ன மரப்பெட்டியில் செப்புக்காசு, ஏலக்காய், கிராம்பு, பாக்கு. அவ்வளவுதான் அவள் சொத்து. ஆயா தன் தகரப்பெட்டியைத் திறந்து காட்டியது. ஏலக்காய் மட்டும் இல்லை.

மாம்பழக் கணக்குக்கு ஆயா சிரித்த சிரிப்பும் மறக்காது. ராமனிடம் பத்து மாம்பழம், அதை விற்றுப் பதினைந்து அணா வேண்டும். கிருஷ்ணனுக்கு நான்கு போதும், அவன் எவ்வளவு தரவேண்டும் என்று ஸ்வாமியின் அப்பா கேட்கிறார். பழம் பழுத்ததா இல்லையா என்று தெரியாமல் ஸ்வாமிக்குக் கணக்கு ஓடவில்லை. "சரியாத்தானே கேக்குறான், காய்க்கும் பழத்துக்கும் ஒரே வெலையா?" என்றது ஆயா. அயனாவரம் மார்க்கெட்டில் இருபது வருஷம் பழம் விற்றது அது.

இன்றைக்குக் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருக்கிறேன். அப்பாவுக்கு மாற்றலாகி, ஸ்வாமியின் நண்பன் ராஜம் ஊரைவிட்டுப் போகிறான். ஸ்வாமி மேல் கோபம் தீராமல் ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்வாமி கொண்டுவந்த புத்தகம் இன்னொரு நண்பன் மணியின் கைமாறி, வண்டி நகரும்போதுதான் ராஜத்திடம் போய்ச் சேர்கிறது. ராஜம் கடிதம் போடுவானா, அவனுக்குத் தன் விலாசம் தெரியுமா என்று ஸ்வாமி கேட்டுக்கொண்டே இருக்கிறான். மணி சொல்வது நிஜமா பொய்யா என்று அவன் முகத்தில் படிக்க முடியவில்லை. நாவல் அங்கேயே நின்றுவிடுகிறது.

அன்றைக்கு ஆயாவுக்கு இதைப் படித்து முடித்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். ஆயா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னது: "போடுவான்டி. விலாசம் இல்லாட்டி என்ன, பள்ளிக்கூடத்துப் பேருக்கு எழுதுனா வந்துடும்."