பச்சைக்கும் பூவுக்கும் நடுவில் ஒரு பள்ளம்

கதம்பம் மாதிரி ஒரு சென்ட் செய்ய வேண்டும் என்று நான்கு மாதமாகக் கலந்துகொண்டிருக்கிறேன். மல்லிச்சரம் இல்லை, கதம்பம். மருவும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டுவதால் அதில் பூவுக்கு முன்னால் இலை வந்து மூக்கைத் தொடும். அந்த வரிசைதான் எனக்கு வேண்டும்: முதலில் கசக்கிய இலை, பிறகு மல்லி, கடைசியில் தோலோடு ஒட்டிய வெட்டிவேர்.

முதல் மூன்று கலவைகளையும் கால்பனம் கெடுத்தது. ஈரான் பக்கத்துச் செடியின் பிசின் அது. 1947இல் ஜெர்மேன் செலியே, பாரிஸ் ஃபேஷன் நிறுவனமான பால்மேனுக்காகச் செய்த ‘வான் வேர்’ இந்தப் பிசினைத் தாராளமாகப் போட்டுப் பெயர் வாங்கிய சென்ட். பிரெஞ்சில் அதற்குப் பச்சைக் காற்று என்று பொருள். தமிழில் எழுதிப் பார்த்தால் வானமும் வேருமாக இன்னும் அழகாக இருக்கிறது. அந்தத் தைரியத்தில் நானும் போட்டேன். குடைமிளகாயை நறுக்கிக் கையில் தேய்த்தது போல ஆகிவிட்டது. குடைமிளகாய்க்கு அந்த வாசனையைத் தரும் பைரசின் கால்பனத்திலும் இருக்கிறது, அது துளியிலும் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரியும். நூற்றுக்கு ஒரு பங்காகக் கரைத்து, அதிலும் இரண்டே சொட்டு விட்ட பிறகுதான் ஊட்டிப் பட்டாணி உரிக்கும் வாசனைக்கு இறங்கி வந்தது.

கலவை 4. குன்னூர், காலை ஏழு மணி, வெளியே பனிமூட்டம். இடது மணிக்கட்டில் இரண்டு சொட்டு, தேய்க்கவில்லை. பத்து நிமிடம் அருமையான பச்சை. அப்புறம் எதுவுமே இல்லை. அரை மணி கழித்து மல்லி தனியாக வந்து நின்றது, வேறு யாரோ போட்ட சென்ட் போல. காகிதத்தில் முகர்ந்தபோது இந்தப் பள்ளம் இவ்வளவு தெரியவில்லை. தோலின் சூடுதான் காட்டிக்கொடுத்தது.

வழி கிடைத்தது பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில். பறித்துவந்த கொழுந்தை வாட்டுவதற்காகப் பரப்பி வைத்திருக்கும் இடத்தில் சாயங்காலம் போய் நின்றால் வெட்டிய புல் வாசனை. மறுநாள் விடிகாலையில் அதே கொழுந்தில் பூ வாசனை ஏறியிருக்கும். எந்த நிமிடத்தில் புல் போய்ப் பூ வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என் கலவையில் அந்த நடுப்பகுதிக்கு ஆளே இல்லை. பச்சைக்கு நான் நம்பியிருந்தது, வெட்டிய புல் வாசனை தரும் இலை ஆல்கஹாலை. அதன் மூலக்கூறு எடை 100தான். லேசான பொருள், சட்டென்று பறந்துவிடும். அதே இலை ஆல்கஹாலைச் சாலிசிலிக் அமிலத்தோடு சேர்த்தால் கிடைக்கும் ஹெக்ஸனைல் சாலிசிலேட்டுக்கு எடை 220. முகர்ந்தால் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் பாதி இலை, பாதி பூ, மணிக்கணக்கில் தங்கும்.

கலவை 5இல் அதையும் கொஞ்சம் ஹெடியோனையும் சேர்த்தேன். மல்லியின் காற்றோட்டமான பக்கத்தைத் தருவது ஹெடியோன். பூவிலிருந்து எடுத்த அடர்சாறான மல்லி அப்சல்யூட்டை மட்டும் நம்பினால் அதிலிருக்கும் இண்டோல் என்ற பொருள் முந்திக்கொண்டு, காலையில் தலையிலிருந்து எடுத்துப் போட்ட வாடின பூவாகிவிடுகிறது. (அந்த வாசனையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது ஆறாவது மணி நேரத்தில் வரட்டும்.) பள்ளம் நிரம்பிவிட்டது. இலை எப்போது பூவானது என்று என்னால் நேரம் குறிக்க முடியவில்லை. அன்று முழுக்க மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.

அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டுக்கு அதையே போட்டுக்கொண்டு இறங்கினேன். மலைக் குளிரில் ஒரு மணி நேரம் நின்ற பச்சை, அங்கே இருபது நிமிடம்கூட நிற்கவில்லை. வெயிலில் எல்லாமே வேகமாக ஆவியாகிறது, லேசானது முதலில் போகிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அத்தை, “பூ வெச்சிருக்கியா கண்ணு?” என்று என் தலையைத் திருப்பிப் பார்த்தார். சந்தோஷம்தான். ஆனால் இலையை அவர் கேட்கவேயில்லை.

ஆகவே கலவை 6 கீழ்நாட்டு வெயிலுக்கானது. சாலிசிலேட்டைக் கூட்டியிருக்கிறேன், வெட்டிவேரைக் குறைத்திருக்கிறேன். மரிக்கொழுந்து எண்ணெயும் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன்; காய்ச்சி எடுத்த எண்ணெயில் இலையைவிடப் பழுத்த பழம்தான் தூக்கலாக இருக்கிறது, அதுதான் கொஞ்சம் பயம். குப்பி இருட்டு அலமாரியில் ஊறுகிறது. மூன்று வாரம் கழித்து இரண்டு மணிக்கட்டிலும் ஐந்தையும் ஆறையும் போட்டுக்கொண்டு மறுபடி அத்தை வீட்டுக்குப் போகிறேன்.