கத்தரிக்கோலை விடுங்க, கதவைத் திறங்க

"சிஸ்டர், கத்தரிக்கோலைக் காணோம், தேடிட்டே இருக்கோம்" என்றார் அவர். பின்னால் அவர் மனைவி முக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடியற்காலை மூன்று மணி இருக்கும். பிரசவ வார்டில் பல வருடம் ஓடிவிட்டு அவசர அழைப்புப் பிரிவுக்கு நான் மாறியிருந்த புதிது. "கத்தரிக்கோலை விடுங்க. வாசல் கதவு திறந்திருக்கா?" என்று கேட்டேன். பூட்டித்தான் இருந்தது. அப்புறம் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆனால் ஆம்புலன்ஸ்காரர்கள் படியில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்கள் இன்னும் மனதில் இருக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் ஒரே அறையில்.

இப்போது கர்ப்பிணிகளுக்கான வகுப்பில் பேசக் கூப்பிட்டால், குடும்பத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே பெற்றுக்கொள்ளுங்கள் என்பதல்ல என் பேச்சு. கிளம்ப நேரமில்லாமல் போனால் என்ன செய்வது என்பதுதான். வலி ஆரம்பித்து 3 மணி நேரத்துக்குள் பிறந்துவிடும் குழந்தைகளும் உண்டு, அதிலும் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு. "வெளிக்குப் போகணும் போல இருக்கு" என்று நிறைமாதக்காரி வலியோடு எழுந்தால் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். கீழே அழுத்துவது குழந்தையின் தலையாக இருக்கலாம்.

அதனால் யார் போனைப் பிடிப்பது, யார் கதவையும் விளக்கையும் பார்ப்பது, யார் அவள் பக்கத்தில் இருப்பது என்று முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்வேன். போன் ஸ்பீக்கரில் இருக்க வேண்டும், சார்ஜும் இருக்க வேண்டும். வெந்நீர் போடுவது சினிமாவோடு சரி. ஆனாலும் பதறுகிற ஒருவர் அந்த அறையில் இருந்தால் வெந்நீர் போட அனுப்பலாம், தப்பில்லை.

பையில் என்ன வைப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். துவைத்துக் காயவைத்த துண்டுகள் ஐந்தாறு, ஒரு குட்டித் தொப்பி, ஒரு பாத்திரம். துண்டு என்றால் சிரிப்பார்கள். பிறந்த குழந்தை எப்படி வழுக்கும் என்பது கையில் வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். அனுபவப்பட்ட நாங்களே துண்டோடுதான் பிடிப்போம். அம்மாவைத் தரையோடு ஒட்டிய விரிப்பில் இருக்கவைத்தால் குழந்தை விழ உயரமே இருக்காது. தலை வரும்போது உள்ளங்கையால் தாங்கினால் போதும், இழுக்கவே கூடாது. கழுத்தில் கொடி சுற்றியிருந்து, தளர்வாகவும் இருந்தால், தலைவழியாக மெல்ல எடுத்துவிடலாம். வெளியே வந்ததும் துடைக்க வேண்டும். ஈரத்தோடு கிடக்கும் குழந்தை அறை எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் சட்டென்று குளிர்ந்துபோகும். நனைந்த துண்டை எடுத்துவிட்டு, அம்மாவின் வெறும் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துக் காய்ந்த துண்டால் மூடி, தொப்பியைப் போடுங்கள். அழவில்லையென்றால் முதுகை நன்றாகத் தேய்த்துத் துடைத்தாலே பெரும்பாலான குழந்தைகள் வீறிட்டுவிடும். தலைகீழாகப் பிடித்து அடிக்கிற பழக்கத்தை மறந்துவிடுங்கள். அப்படியும் மூச்சு வரவில்லையா, உடனே போனில் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்வது என்று சொல்லத்தான் நாங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம்.

தொப்புள்கொடியை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். வகுப்பில் யாரும் நம்ப மறுக்கிற பதில் இதுதான். பிறந்த பிறகும் சில நிமிடங்கள் அதன் வழியாகக் குழந்தைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். ஆட்கள் வரும்வரை வெட்டாமல் கிடந்தால் கெடுதல் இல்லை; அழுக்குப் பிளேடால் வெட்டினால்தான் ஆபத்து. நஞ்சு (பிளசென்டா) பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக வந்துவிடும். தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தால் ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையே புரண்டு வெளியே வந்துவிடவும் கூடும். வந்த நஞ்சை அந்தப் பாத்திரத்தில் வைத்துக் குழந்தையின் பக்கத்திலேயே வைத்திருங்கள். குழந்தையைப் பாலுக்கு விட்டால் கர்ப்பப்பை சுருங்கும், ரத்தப்போக்கும் மட்டுப்படும். அப்படியும் துணி மேல் துணியாக நனைந்தாலோ, அவள் தலைசுற்றுகிறது என்றாலோ, காத்திருக்காமல் சொல்லுங்கள். குழந்தைக்கு முன்னால் கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாமல், அவளை முட்டிபோட்டுக் குனியவைத்து, இடுப்பைத் தூக்கியபடி இருக்கச்செய்து, அதையும் உடனே சொல்லுங்கள்.

ஒரு வகுப்பில், கடைசி வரிசையில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கணவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இவர் காதில் எதுவும் விழவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். சில வாரம் கழித்து இரவு டியூட்டியில் ஓர் அழைப்பு. நான் வாயைத் திறப்பதற்குள், மூச்சு வாங்க, "கதவைத் திறந்து வச்சுட்டேன் சிஸ்டர், லைட்டும் போட்டுட்டேன், மூத்தவ வாசல்ல நிக்கிறா, துண்டு பக்கத்துல இருக்கு" என்றார் அதே கடைசி வரிசைக்காரர்.

"சரிங்க," என்றேன், "முதல்ல விலாசத்தைச் சொல்லுங்க."