டைகரை வரைந்த கை: குன்னூர் நாட்குறிப்பு

மார்ச் 3, ஞாயிறு

குன்னூரில் இன்னமும் சித்திரக்கதை படிக்கும் பெரியவர்கள் நாங்கள் ஒரு கைப்பிடி பேர்தான் இருப்போம். மாதம் ஒரு ஞாயிறு, பெட்ஃபோர்டுப் பக்கம் குடியிருக்கும் நண்பர் வீட்டு மாடியில் கூடுவது வழக்கம். இம்மாதக் கூட்டம் 10ஆம் தேதி வருகிறது. கௌபாய்ச் சித்திரக்கதை நாயகன் கேப்டன் டைகரை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ழான் ஜிரோ 2012இல் பாரிஸில் காலமானது அதே தேதியில்தான் என்பதால், இம்முறை நாயகனை ஒதுக்கிவைத்துவிட்டு வரைந்தவரைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவாயிற்று.

முடிவெடுப்பது சுலபம். டைகர் என்றதும் நம்மவர்கள் அந்த உடைந்த மூக்கைப் பற்றியும், சீட்டாட்ட மேசையில் அவர் செய்யும் தில்லுமுல்லுகளைப் பற்றியும், கிழட்டு ஜிம்மியின் விஸ்கித் தாகத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். வரைந்தவர் யார் என்று கேட்டால் பலருக்குச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய நாள் முதலாக இரும்புக்கை மாயாவியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய வாசகர்களில், அந்த உலோகக் கையை வரைந்த பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயரைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? நாயகன் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட, அவனைப் பெற்றவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மார்ச் 5, செவ்வாய்

கூட்டத்தில் வாசிப்பதற்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1938 மே 8 அன்று பாரிஸை ஒட்டிய நோஜான்-சுர்-மார்ன் என்னும் ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். பதினாறு வயதில் பாரிஸின் கலைப்பள்ளி ஒன்றில் சேர்ந்தபோது உடன் படித்தவர் ழான்-குளோத் மெசியேர். பின்னாளில் வலேரியன் என்னும் விண்வெளித் தொடரை வரைந்து புகழ்பெற்றவர் இவர்தான். ஜிரோ அந்தப் படிப்பை முடிக்கவில்லை. 1956இல், மெக்ஸிகோவில் மறுமணம் செய்துகொண்டு வாழ்ந்த தாயைத் தேடிப் போய், அங்கே பல மாதங்கள் தங்கிவிட்டார்.

இந்தப் பயணத்தை எல்லோரும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அவருடைய வாழ்க்கையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவென்றே தோன்றுகிறது. ஐரோப்பாவில் அந்நாளில் கௌபாய்க் கதை வரைந்தவர்களில் பலருக்கு அமெரிக்க மேற்குப் பகுதி என்பது திரையரங்கில் பார்த்த ஒன்று. இவர் பதினெட்டு வயதில், எல்லையற்று விரிந்த பாலையின் நடுவே, தலைக்குமேல் வெறும் வானம் மட்டுமே இருக்கும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறார். வெயில் ஒரு பாறையின் மேல் எப்படி விழுகிறது, தூசு எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது, தொலைவில் வரும் குதிரைக்காரன் எத்தனை சிறியவனாகத் தெரிவான் என்பவையெல்லாம் கண்ணில் தங்கிவிட்ட பிறகுதான் டைகர் அவருக்குக் கிடைக்கிறார்.

அதற்கு முன் அல்ஜீரியாவில் இராணுவச் சேவையும், 1961 வாக்கில் ஜிஜே என்ற பெல்ஜிய மூத்த ஓவியரிடம் உதவியாளர் வேலையும் இருந்தன. ஜெர்ரி ஸ்பிரிங் கதையொன்றுக்கு ஜிஜேயின் பென்சில் கோடுகள்மேல் மையிட்டது இவர் கைதான். ஒரு கௌபாய்த் தொடருக்கு ஓவியர் தேடிய கதாசிரியர் சார்லியேவுக்கு இந்த இளைஞனைக் கைகாட்டியவரும் ஜிஜேயே. 1963 அக்டோபர் 31 தேதியிட்ட பிலோட் என்ற பிரெஞ்சு இதழில் தொடர் தொடங்கியது. அப்போது ஜிரோவுக்கு வயது இருபத்தைந்து.

மார்ச் 6, புதன்

மாலையில் ஷெட் அண்ணனைப் பார்க்கப் போனேன். குன்னூர் லோகோ ஷெட்டில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் குழுவில் மூத்தவரும்கூட. இருப்புப்பாதை அமைக்கும் போட்டியைப் பற்றிய டைகர் கதைகளைக் கையில் கொடுத்து, "படத்தை மட்டும் பாருங்கண்ணே, வசனத்தைப் படிக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரத்துக்குமேல் தலை நிமிரவில்லை. மேலே அகன்று விரியும் புகைபோக்கியைக் காட்டி, விறகில் ஓடும் இன்ஜினுக்கு அது அவசியம் என்றும், தீப்பொறி வெளியே பறந்து காய்ந்த புல்லில் விழாமல் தடுப்பதற்காகவே அந்த வடிவம் என்றும் விளக்கினார். முன்னால் இருக்கும் கால்நடை தள்ளி, மணி, பெரிய விளக்கு எல்லாம் அந்தந்த இடத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டார். "ஆனா தம்பி, நம்ம வண்டியை வரையணும்னா இந்த மனுசன் திண்டாடியிருப்பாரு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்துல்ல தள்ளும்" என்று சிரித்தார்.

அவர் சொன்ன இன்னொன்றைக் குறித்துவைக்கத் தோன்றுகிறது. நிற்கும் இன்ஜினை வரைவது பெரிய காரியமில்லை. அதன் எடையை வரைவதுதான் காரியம். சக்கரத்தின் கீழே தண்டவாளமும், தண்டவாளத்தின் கீழே கட்டையும், கட்டையின் கீழே ஜல்லியும் ஒன்றையொன்று தாங்கி அமுங்கியிருப்பது இந்தப் படங்களில் தெரிகிறதாம். இவை 1960களின் பிற்பகுதியில், தொடர் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன நிலையில் வரையப்பட்டவை என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. கண் விழிப்பதென்று ஆனபின் தங்கக் கல்லறை என்ற டைகர் கதையை எடுத்துக்கொண்டேன். வீட்டில் இதைப் பக்தியாக ஏற்கவில்லை.

கதைக்கு வேர் அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரைச் சுற்றி உலவும் காணாமற்போன தங்கச் சுரங்கத்தின் வதந்தி. என்னிடம் சாணித்தாளில் வந்த பழைய கறுப்பு வெள்ளைப் பதிப்பும், பின்னாளில் வழவழப்பான தாளில் வந்த வண்ணப் பதிப்பும் உள்ளன. இரண்டையும் விரித்துவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். வண்ணம் வந்தபிறகு பழையதைத் தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். வண்ணம் நேரத்தைச் சொல்கிறது: விடியலின் ஊதா, உச்சிவெயிலின் மஞ்சள், பாறை சிவக்கும் அந்தி. ஆனால் கை எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டுவது கறுப்பு வெள்ளைதான். தொடரின் முதல் ஆல்பங்களில், அதாவது கதைப் புத்தகங்களில், ஜிஜேயிடம் கற்ற தடித்த தூரிகை வீச்சும் அகலமான கறுப்பு நிழல்களுமே மிகுதி. இங்கே வரும்போது அந்தத் தூரிகைக்குப் பக்கத்திலேயே மெல்லிய கோடுகள் பெருகிவிடுகின்றன. பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தன் திசையில் ஓடுகிறது, முகத்தின் சுருக்கம் பாறையின் வெடிப்போடு உறவு கொண்டாடுகிறது.

சார்லியேவோ வசனத்தில் கஞ்சத்தனம் காட்டாதவர். சில பக்கங்களில் பேச்சு பலூன்கள் கட்டத்தின் மேற்பாதியை அடைத்துக்கொண்டுவிடும். மிச்சமிருக்கும் கீழ்ப்பாதியில் ஒரு பள்ளத்தாக்கையே நிறுத்துவதற்கு ஜிரோ கண்டுபிடித்த வழி, மனிதனைச் சிறியவனாக்குவது. செங்குத்தான பாறைச்சுவரின் அடியில் புள்ளியளவு குதிரையும், அதைவிடச் சிறிய மனிதனும். ஆனாலும் தொப்பியின் சாய்வை வைத்தே அது டைகர் என்று கண்டுகொள்கிறோம்.

மார்ச் 10, ஞாயிறு

கூட்டம் நன்றாக நடந்தது. வர்க்கியும் தேநீரும் தீர்ந்தபின்னும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எதிர்பார்த்தபடியே சர்ச்சை மோபியஸில் வந்து நின்றது. டைகர் பக்கங்களில் ‘ஜிர்’ என்று கையொப்பமிட்ட அதே மனிதர், மோபியஸ் என்ற பெயரில் முற்றிலும் வேறான கனவுலகங்களை வரைந்தார் என்பதை நம்மில் பலர் தாமதமாகவே அறிந்தோம். 1970களின் நடுவில் மெட்டால் ஹுர்லான் இதழை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கி, அதில் ஆர்ஸாக் என்ற கதையை ஒரு வசனம்கூட இல்லாமல் வரைந்தார். தலைப்பின் எழுத்துகளையே ஒவ்வொரு முறையும் மாற்றிப்போட்டார். ஓவிய ஆசிரியராக இருக்கும் நண்பர் இரண்டையும் சேர்த்துப் பேசக் கூடாது என்று அடித்துச் சொன்னார். ஜிர் பொறுமையுள்ள கைவினைஞர், மோபியஸ் கட்டுக்கடங்காத கனவுக்காரர், ஒருவரிடமிருந்து தப்பிக்கவே மற்றவர் பிறந்தார் என்பது அவர் வாதம்.

வாதத்தில் பாதி உண்மை. தாராளமான வசனங்களின் கீழே பல ஆண்டுகள் வரைந்தவருக்கு வசனமே இல்லாத பக்கம் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆனால் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தால், ஆர்ஸாக் தன் விசித்திரப் பறவையின்மேல் கடந்து போகும் வெற்றுநிலமும், டைகர் குதிரையில் கடக்கும் வெற்றுநிலமும் ஒரே மண்ணாகத்தான் எனக்குத் தெரிகின்றன. பதினெட்டு வயதில் பார்த்த மெக்ஸிகோ இரண்டின் அடியிலும் கிடக்கிறது. இதைச் சொன்னபோது ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு புத்தகங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "மண் ஒன்றுதான் சார், ஆனால் வெயில் வேறு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கல்லூரி மாணவிக்கு டைகரைத் தெரியாது. ஏலியன் திரைப்படத்தின் விண்வெளி உடைகளுக்கும், ட்ரான் படத்தின் வடிவமைப்புக்கும், பழைய பள்ளித்தோழர் மெசியேரோடு சேர்ந்து ஃபிஃப்த் எலிமென்ட் படத்துக்கும் இவர் வரைந்ததை வைத்தே அவர் ஜிரோவை வந்தடைந்தவர். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் படைப்பில் மனம் பறிகொடுத்து, ஜிரோ தம் மகளுக்கு நௌசிகா என்று அதன் நாயகியின் பெயரையே வைத்தார் என்ற செய்தியும் அவர் மூலம் கிடைத்தது. மியாசாகியும் இவருடைய ரசிகர்தாம். அரை நூற்றாண்டு வரைந்து பெயர் வாங்கியபின்னும் இன்னொருவரின் படைப்பை இப்படி ரசிக்க முடிந்த மனம் அந்தக் கோடுகளைவிட அபூர்வமானது என்று நான் நினைக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

அலுவலக வேலை. மேலே சரிவில் காய்ந்த புல் எங்கோ பற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். நாள் முழுதும் புகை வாசனை. மின்னும் மரணம் என்ற டைகர் கதையைப் பற்றி நேற்று பேச மறந்துவிட்டோம் என்று நண்பர் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். 2015இல் அந்த நெடுங்கதை முழுவதையும் ஒரே குண்டு புத்தகமாகச் சிவகாசியில் பதிப்பித்தபோது, அதற்காக முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

மார்ச் 14, வியாழன்

ஷெட் அண்ணன் கடைசித் தொகுதியைத் திருப்பிக் கொடுத்தார், அதிருப்தியோடு. 1989இல் சார்லியே மறைந்தபின், பாதியில் நின்ற கதையை முடித்துவிட்டு, 1995 முதல் 2005 வரை ஐந்து ஆல்பங்களை ஜிரோ தாமே எழுதி வரைந்தார். அவற்றில் டைகர் டூம்ஸ்டோன் நகரில் குண்டடி பட்டுப் பெரும்பாலும் கட்டிலில் கிடக்கிறார். பாஸ்டனிலிருந்து வந்த எழுத்தாளனிடம் பழைய கதை சொல்கிறார். வெளியே தெருவில் 1881இன் புகழ்பெற்ற ஓகே கொரால் துப்பாக்கிச் சண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது. "கட்டில்ல படுக்கிறதுக்கா தம்பி இத்தனை வருசம் குதிரை ஓட்டுனாரு?" என்பது அண்ணனின் கேள்வி.

எனக்கு இந்த ஐந்தும்தான் மிகப் பிடித்தவை. முதல் கதையில் பெல்மொண்டோ என்ற நடிகரின் சாயலோடு துடுக்காக நின்ற இளைஞனை, நாற்பது ஆண்டுகளில் அவர் தாடியும் சுருக்கமும் தளர்ந்த உடலுமாகக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார். மற்ற நாயகர்கள் அச்சேறிய நாளின் வயதிலேயே நிற்க, இவர் தம் நாயகனைத் தம்மோடு சேர்ந்து முதுமையடைய விட்டார். நாயகன் நகராததால் ஊர் முழுக்க வரையக் கிடைத்துவிட்டது: சலூன் வாசல், சாலையின் குழிகள், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் தனித்தனி.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் இரயில் கதைகளையே எடுத்துப் பேசலாம் என்றார்.