ஃபிசிக்ஸ் படித்துவிட்டு இருட்டில் பார்க்கும் கருவி செய்யப் போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் பக்கம் எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடித்தவரிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பி.எட்., டி.ஆர்.பி., நெட் என்றுதான் பதில் வரும். மூன்றும் நல்ல வழிகள்தான். நான் பிழைத்தது நான்காவது ஒன்றில்: பாதுகாப்புத் துறைக்கான எலெக்ட்ரோ-ஆப்டிக் சென்சார்கள். வெப்பக் கேமரா, இரவுப் பார்வைக் கருவி, லேசர் தூரமானி எல்லாம் இதில் அடக்கம். என்ன திட்டத்தில் வேலை பார்த்தேன் என்று எழுத முடியாது. உள்ளே வர என்ன படிக்கவேண்டும் என்று எழுதலாம்.

மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வில் இதற்கென்றே இருக்கும் ஆய்வகம் டேராடூனின் ஐ.ஆர்.டி.இ. டிடெக்டருக்கான குறைகடத்திப் பொருள்களில் டெல்லியின் சாலிட் ஸ்டேட் ஃபிசிக்ஸ் லேபரட்டரி பல காலம் வேலை செய்திருக்கிறது. விஞ்ஞானியாகச் சேரும் முதல் படியான ‘சயின்டிஸ்ட் பி’ பணிக்கு கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண், அதன்பின் நேர்முகத் தேர்வு. கேட் தாளில் 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் 15 மதிப்பெண் பொது ஆப்டிட்யூட். குவாண்டம் மெக்கானிக்ஸில் மூழ்கி இதைக் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. விடையை எண்ணாகத் தட்டும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் விடாதீர்கள். முதலில் எம்.டெக். படிக்கலாம் என்றால் கொச்சின் பல்கலைக்கழகத்தில் ஆப்டோ எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, ஃபிசிக்ஸ்காரர்களையும் சேர்ப்பார்கள்.

எழுத்துத் தேர்வுக்கு ஊர் ஊராகக் கோச்சிங் வந்துவிட்டது. ஆள் கழிவது நேர்முகத்தில்தான்.

“ராமநாதபுரமா? கலாம் ஊரா?” என்று யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். சிரித்துவிட்டு விடுங்கள், அவர்தான் என் இன்ஸ்பிரேஷன் என்று நீட்டினால் ஐந்து நிமிடம் வீண். அடுத்தது இப்படிப் போகும். மனித உடல் எந்த அலைநீளத்தில் அதிகம் கதிர்வீசும்? வெப்பநிலையை வைத்து உச்ச அலைநீளம் சொல்லும் வீன் விதியில் 300 கெல்வின் போட்டால் ஏறக்குறைய 9.7 மைக்ரான். சரி, அப்படியானால் 8-12 மைக்ரான் பட்டைதானே போதும், கடற்படை ஏன் 3-5 மைக்ரானையும் விரும்புகிறது? இங்கேதான் புத்தகம் மட்டும் படித்தவர் முழிப்பார். பங்குனி சித்திரையில் பாம்பன் கரையில் சட்டை முதுகில் ஒட்டும் அந்தப் புழுக்கம்தான் விடை. காற்றிலுள்ள நீராவி 8-12 பட்டையைக் கூடுதலாக விழுங்குகிறது. தூரம் கூடக்கூட வித்தியாசம் தெரியும். குறைந்த அலைநீளம் என்பதால் அதே அளவு லென்ஸில் படமும் கூர்மையாக வரும். அப்புறம் டிடெக்டரை ஏன் 77 கெல்வினுக்குக் குளிர்விக்கிறீர்கள் என்பார்கள். வெப்பத்தாலேயே அதற்குள் மின்துகள்கள் பிறந்து சிக்னலை மூழ்கடித்துவிடும் என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல், கதிர் பட்டுத் தான் சூடாவதை வைத்தே அளக்கும் மைக்ரோபோலோமீட்டருக்கு ஏன் அந்தக் குளிர்விப்பு வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். டிவி ரிமோட்டின் முனை போன் கேமராவில் மினுங்குவதை வெப்பக் கதிர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அண்மை அகச்சிவப்பு.

இன்னொரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: கரையில் நின்று எவ்வளவு தூரத்தில் ஒரு வத்தையை, அதாவது மீன்பிடிப் படகை, பார்க்கலாம்? எல்லோரும் சென்சாரின் திறனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானமே 4.5 கிலோமீட்டர்தான், அதற்கு மேல் பூமியின் வளைவு மறைக்கும். 1,000 மீட்டர் ஏறினால் 113 கிலோமீட்டர். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளத்திலிருந்து ஆளில்லா விமானங்கள் ஏன் பறக்கின்றன என்பதற்குப் பாதி விளக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

வேலையில் சேர்ந்ததும் ஜெர்மானியம் லென்ஸ் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். கண்ணாடி என்று நினைத்து வாங்கினால் கை தாழும். கறுத்த பளபளப்பு, எதிர்ப்பக்கம் எதுவும் தெரியாது, நம் முகம்தான் தெரியும். ஒளிவிலகல் எண் 4 என்பதால் பூச்சு இல்லாவிட்டால் ஒவ்வொரு பரப்பிலும் 36 சதவீதக் கதிர் திரும்பிப் போய்விடும். அந்தப் பூச்சை உப்பு மூட்டத்தில் வைத்துச் சோதிப்பார்கள்: 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி. கடலோர ஊரான மண்டபத்தில் சைக்கிள் செயின் என்ன கதியாகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அவசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளிப்பக்கத்துக்கு வைரம் போன்ற கார்பன் பூச்சு போடுவது இதற்காகத்தான்.

ஒரு கருவி கைக்கு வர வருடக்கணக்காகும். செய்ததில் பெரும்பகுதியைக் கட்டுரையாக வெளியிட முடியாது. பேராசிரியர் ஆகும் ஆசை உள்ளவர்கள் இதை யோசித்துவிட்டு வாருங்கள். டேராடூன் குளிரும் இந்தியும் ஒரு வருடத்தில் பழகிவிடும்.

பி.எஸ்சி.யில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர் வரும் என்று சொல்லும் பிளாங்க் சூத்திரத்தை பைதானில் எழுதி, 300 கெல்வினுக்கு 3-5, 8-12 இரண்டு பட்டைகளிலும் தொகையிடுங்கள். இரண்டாவது முதலாவதைப்போல் சுமார் 20 மடங்கு வந்தால் கணக்கு சரி.