கென்செட்டின் கடைசிக் கோடை

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ள கடல் ஓவியங்களுள் என் மனத்தை விட்டு அகலாதவை, 1870-இல் அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் ஃபிரெடரிக் கென்செட் 1872-ஆம் ஆண்டுக் கோடையில் தீட்டியவையே.

'ஈட்டன்ஸ் நெக், லாங் ஐலண்ட்' என்னும் ஓவியத்தில், புதர் மண்டிய மேட்டின் கரும்பச்சைக்கும் அலையடங்கிய நீருக்கும் நடுவே வெளிறிய மணற்கரை பிறைபோல் வளைந்து செல்கிறது. எஞ்சிய பரப்பில் பெரும்பகுதி வெறும் வானம். 'கடலில் சூரிய மறைவு' என்னும் மற்றொன்றில் கரையே கிடையாது: கதிரவன், வானம், நீர், அவ்வளவுதான். இத்தகைய வெறுமையைக் கண்டு, இவை முற்றுப்பெறாதவையோ என ஐயுற்றவர்களும் உண்டு. எனக்கோ, இவற்றில் இன்னும் ஒரு படகைச் சேர்த்திருந்தாலும் அந்த அமைதி குலைந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், கனெக்டிகட் கரையருகே மூழ்கிய நண்பரின் மனைவியை மீட்கக் குளிர்நீரில் இறங்கிய கென்செட், அதனால் நோயுற்று டிசம்பரில் தமது 56-ஆம் வயதில் காலமானார். அக்கோடையின் ஓவியங்களில் 38-ஐ அவருடைய சகோதரர் தாமஸ் 1874-இல் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். ஈட்டன்ஸ் நெக்கின் மணற்கரையும் அவற்றுள் ஒன்று.