ஆணி அடிக்காத வீடு

மதுரையில் இந்த வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்த அன்றே வீட்டுக்காரர் விதித்த நிபந்தனை, சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பதுதான். படம் மாட்டவும் வழியில்லை, வண்ணம் மாற்றவும் அனுமதியில்லை. கையில் இருந்ததோ 3,000 ரூபாய். ஆகவே சுவரை மறந்துவிட்டு, துணியையும் வெளிச்சத்தையும் மட்டுமே நம்புவது என்று முடிவு செய்தேன்.

ஜன்னல் திரைக்கு அம்மாவின் பெட்டியில் கிடந்த பழைய சுங்குடிச் சேலை உதவியது. இப்போது கடைகளில் அச்சுப் புள்ளிகளே மிகுதி. அம்மாவுடையது, மதுரைச் சௌராஷ்டிரப் பெண்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்க்கும் பழைய வகை. முடிச்சிருந்த இடம் ஒழுங்கற்ற சிறு வளையமாகத்தான் இருக்கும். அரக்கு நிறத்தில் அந்த வளையங்கள் காலை வெயில் பின்னாலிருந்து படும்போது எப்படித் தெரியும் என்பதை, உடுத்திய காலத்தில் அம்மாவே பார்த்திருக்க மாட்டார்.

சேலையின் அகலம் ஏறத்தாழ 45 அங்குலம் என்பதால், அதையே திரையின் உயரமாக வைத்துக்கொண்டால் மேலும் கீழும் கரை வந்துவிடுகிறது. விளிம்பு மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம். ஆனால் ஜன்னலின் அகலம் நாலடி என்று அளந்து, சரியாக நாலடித் துணியை வெட்டித் தொலைத்தேன். மாட்டிப் பார்த்தால் கொசுவமே விழாமல், கடைவாசல் பேனர்போல் விறைத்து நின்றது. ஜன்னல் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை துணி வேண்டும் என்று தையற்காரர் அப்புறம்தான் சொன்னார். நல்லவேளையாகச் சேலையில் மீதி இருந்தது. இன்னொரு நாலடியை வெட்டி, நடுவில் இரண்டாகத் திறக்கும் திரையாக்கிவிட்டோம். அதைத் தாங்குவது உள்ளே ஸ்பிரிங் வைத்த கம்பி. திருகினால் நீண்டு, ஜன்னல் குழியின் இரு பக்கச் சுவர்களையும் அழுத்திக்கொண்டு நிற்கும்.

தரைக்கு 900 ரூபாயில் கோடு போட்ட பவானி ஜமக்காளம். தடித்த பருத்தி என்பதால் நாற்காலியே இல்லாமல் நாலு பேர் உட்காரலாம்.

உண்மையில் கூடத்தை மாற்றியது வெளிச்சம்தான். கூரையிலிருந்த டியூப்லைட் 6,500 கெல்வின் வெண்மை. கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். அதன் கீழே ஜமக்காளத்துச் சிவப்புகூட வெளிறித் தெரிந்தது. பல்பு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்கிறோமே தவிர, அட்டைப்பெட்டியில் கெல்வின் அளவும் அச்சிட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. 2,700 கெல்வின் கொண்ட 9 வாட் எல்இடி பல்புகள் இரண்டை வாங்கி, ஒன்றைத் தரையில், மானாமதுரை மண்பானைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்தேன். பல்பு கண்ணில் படுவதில்லை. சுவரில் எழும் வெளிச்சம் மட்டும் பானையின் கருவடிவத்தைச் சூழ்ந்து பெரிதாகப் பரவி, மாட்ட முடியாத படத்தின் இடத்தை நிரப்புகிறது.

போன மாதம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் நேராக ஜன்னலுக்குப் போய், திரையை விலக்கி, கம்பியின் இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தக் கம்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.