நிலைப்படி

டிசம்பர் 17

மன்னை எக்ஸ்பிரஸில் வந்து நீடாமங்கலத்தில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வா பாப்பா" என்று அவர் சொன்னதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். செப்டம்பரில் குரல் இவ்வளவு கீழே போயிருக்கவில்லை.

டிசம்பர் 18

ஆறு, பத்து, இரண்டு, ஆறு. லெவோடோபா, அப்பாவின் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பருப்பும் தயிரும் மாத்திரையை வேலை செய்ய விடாது என்பதால் அதெல்லாம் ராத்திரிக்கு. அம்மா இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். மதியம் தயிர் எங்கே என்று அப்பா ஒரு நாளும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் தேவலை என்கிறாள்.

டிசம்பர் 20

கூடத்திலிருந்து கொல்லைக்குப் போகும் நிலைப்படி. அங்கே வந்ததும் கால் ஒட்டிக்கொள்கிறது. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, பாதம் வருவதில்லை. இன்று நாலு நிமிடம் அப்படியே நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். இழுக்காதே, விழுந்துவிடுவார் என்று அம்மா கத்தினாள்.

தோளில் தவிலை மாட்டிக்கொண்டு நாற்பது வருஷம் சாமிக்கு முன்னால் நாலு வீதியும் நடந்தவர்.

தரையில் குறுக்கே கோடு போடுங்கள், கோட்டைத் தாண்டுவதாக நினைத்தால் கால் எழும்பும் என்று பிசியோதெரபி தம்பி சொல்லியிருந்தார். அம்மா கோலமாவில் நாலு இழை இழுத்தாள். அப்பா குனிந்து பார்த்தார். "கோலத்தை எப்படி மிதிக்கிறது?" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் 21

அப்பா பேசுவதைப் போனில் பதிவு செய்கிறேன். அவருக்குத் தெரியாது. இன்று 23 நிமிடம். போட்டுக் கேட்டால் பாதிக்கு மேல் ஃபேன் சத்தம்.

டிசம்பர் 23

எழுதி வைத்தே ஆக வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணி. மார்கழி என்பதால் கோயில் குழாயில் நாயனம் போட்டிருந்தார்கள். முதலில் ஏதோ கீர்த்தனை. அப்பா வழக்கம்போல நிலைப்படியில் நின்றுவிட்டார். நான் பின்னால், இடுப்பை ஒட்டிக் கையை வைத்துக்கொண்டு. அந்த நேரம் பார்த்து மல்லாரி ஆரம்பித்தது. சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. அதில் பாட்டு வரிகள் கிடையாது, கம்பீர நாட்டை ராகமும் தாளமும்தான். தவில் உள்ளே வந்த இடத்தில் அப்பாவின் தலை லேசாக நிமிர்ந்தது. நான் அம்மாவைக் கூப்பிடத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் கொல்லையில் நாலாவது அடி வைத்துக்கொண்டிருந்தார். கிணற்றடி வரை போனார். குழாயில் மல்லாரி முடிந்ததும் அவரும் நின்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடந்ததை அப்புறம்தான் பார்த்தோம்.

டிசம்பர் 24

டாக்டரிடம் போனில் கேட்டேன். அடுத்த அடியை இப்போது வை என்று காலுக்குச் சொல்ல மூளைக்குள் ஒரு இடம் இருக்கிறது, டோபமின் குறையக் குறைய அது சரியாகச் சொல்வதில்லை, வெளியிலிருந்து வரும் தாளம் வேறு பாதையில் போய் அந்த வேலையைச் செய்கிறது என்றார். எல்லோருக்கும் பலிக்காது, எப்போதும் பலிக்காது என்றும் சொன்னார்.

அப்பாவிடம் சொன்னேன். வெகு நேரம் யோசித்தார். "உள்ள தாளம் போடுறவன் எழுந்து போயிட்டான்ங்கிறாங்க. சரி, நீ போடு."

டிசம்பர் 25

நான் எங்கே போடுவது? வாசிப்பெல்லாம் அண்ணனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். நானும் கேட்டதில்லை.

இன்று முப்பத்தெட்டு வயதில் தகதிமி. அப்பா சொல்கிறார், நான் திருப்பிச் சொல்கிறேன். பேச்சுக்குக் கிடைக்காத குரல் தாளச்சொல்லுக்குக் கொஞ்சம் கிடைக்கிறது. ஆசையில் தகதகிட போட்டேன், ஐந்து எண்ணிக்கை, கண்டம். "கண்டத்துல நடந்தா ஒவ்வொரு தடவையும் கால் மாறும். நடக்கிறதுக்கு நாலுதான்" என்றார். நோய் வந்தபின் அவர் எனக்குச் சொன்ன மிக நீளமான வாக்கியம்.

அதையும் பதிவு செய்துகொண்டிருந்தேன். வலது கையில் போன். இடது கையால் தொடையில் தட்டினேன். தாளம் ஓடியது, பிசகியது, மறுபடி ஓடியது. அப்பா போனைப் பார்த்தார். "அதக் கீழ வை."

டிசம்பர் 27

இன்று எதற்கும் கால் வரவில்லை.

டிசம்பர் 28

குளியலறையில் விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. நான் வாசலில் ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பேசியிருக்கலாம். பேசியிருக்கலாம்.

டிசம்பர் 30

வைகுண்ட ஏகாதசி. அம்மா மூன்று மணிக்கே சொர்க்கவாசலுக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

யூடியூபில் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி தவில் போட்டேன். அப்பா ஸ்கூல் பையனாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் அவரைக் கேட்டிருக்கிறார். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றாராம். அவர் 1975-ல் போன சேதி வந்த அன்று தாத்தா சாப்பிடவில்லையாம். இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். இன்று தாத்தா அன்று என்ன செய்தார் என்று கேட்டேன். "தவில எடுத்து வச்சு உட்கார்ந்திருந்தார். அடிக்கல."

அப்பா முகத்தில் இப்போது சிரிப்பு வருவதில்லை. இந்த வியாதி முகத்தையும் இறுக்கிவிடும். இத்தனை நாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று கால் கட்டைவிரலைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஒரு இடம் பிசகவில்லை.

ஜனவரி 2

லீவைப் பொங்கல் வரை நீட்டிக் கேட்டேன். பதில் இல்லை.

ஜனவரி 3

தவிலை இறக்கினோம். உறையில் பல்லி முட்டை. வலது பக்கத் தோல், வலந்தலை, தொய்ந்து கிடந்தது. விரல் கூடுகள் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவில் அப்படியே இருந்தன. அவர் விரலில் மாட்ட முயன்றேன், நடுக்கத்தில் நிற்கவில்லை. பூவரசங்குச்சியை மட்டும் இடது கையில் கொடுத்தேன். சும்மா இருக்கும்போது ஓயாமல் ஆடும் கை அது. குச்சியை ஓங்கியதும் ஆட்டம் நின்றது. இடது பக்கத் தோலில், தொப்பியில், ஒரு அடி.

தொம்.

எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அப்பா இன்னொன்று அடித்தார். அப்புறம் இன்னொன்று. நான் வலந்தலையில் வெறும் விரலால் தட்டினேன். எல்லாம் தப்பு. அப்பா தலையாட்டித் தலையாட்டித் திருத்தினார். என் விரல்நுனி நாலும் இப்போது சிவந்து எரிகிறது. எரியட்டும்.

போன் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. ராத்திரி அரிசி டின் மேல் கிடைத்தது.

ஜனவரி 5

ஆபீஸிலிருந்து பதில் வந்தது. பத்தாம் தேதி வரைதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் தகதிமி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். வெட்கப்படுகிறாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து தினமும் காதில் விழுந்ததுதானே என்றால், "விழுந்துச்சு, நான் எங்க சொன்னேன்" என்கிறாள்.

ஜனவரி 6

பத்து மணி மாத்திரைக்கு இன்னும் இருபது நிமிடம். அப்பா நிலைப்படியில் நிற்கிறார் போலிருக்கிறது. குரல் கேட்கவில்லை. நிலையில் விரலால் தட்டுவது கேட்கிறது, நாலு நாலாக. அம்மா அடுக்களையிலிருந்து மெதுவாகச் சொல்லத் தொடங்குகிறாள், மூன்றாவது தட்டில்